மழைக்கு லீவு இல்லாத ஊர்

என் வாழ்க்கையில் மழையைத் திட்டிய அளவுக்கு நான் மனுஷர்களைக்கூடத் திட்டியதில்லை. அதிலும் குன்றத்தூர் மழையை. எங்கள் சாத்தூர்ப் பக்கத்து மழைக்கு ஒரு மட்டு மரியாதை உண்டு. இருட்டிக்கொண்டு வரும், ஒரு மணி நேரம் சாத்து சாத்தென்று சாத்தும், போய்விடும். மறுநாள் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு வரும், அதோடு சரி. குன்றத்தூரில் அப்படியா? போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே பத்து நாள் தங்குகிற சொந்தக்காரர் மாதிரி, காலையில் எழுந்தாலும் இருக்கும், சாயங்காலம் வந்தாலும் இருக்கும். நடுவில் கொஞ்சம் விட்டது என்று நம்பித் துணியை மாடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினால் அடுத்த நிமிஷம் பிடித்துக்கொள்ளும். பிடிவாதம் பிடித்த சனியன்.

இரண்டாயிரத்து ஒன்பது ஐப்பசி. எனக்குப் பத்தொன்பது வயது. குன்றத்தூரில் ஒரு வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நாகப்பட்டினம் பக்கத்துப் பெண்கள் இருவர், நான், அப்புறம் அவள். அவளும் நானும் ஒரே பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவர்கள். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று எங்கள் பள்ளிக்கே வந்து ஆள் எடுத்தது. அவளும் நானும் ஒரே நாளில் தேர்வாகி, ஒரே பேருந்தில் வந்து, ஒரே லைனில் நின்றோம். இருவருக்கும் சேர்த்து ஒரே போன். அது என்னுடையது. பட்டன் போன்தான். அதில்தான் இரண்டு வீட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள், அதில்தான் அலாரம் வைப்போம். அலாரம் வைக்கிற வேலை என்னுடையது, காலையில் புளிச்சோறு கிளறிக் கட்டுகிற வேலை அவளுடையது.

கம்பெனியில் எங்கள் இருவருக்கும் நல்ல பெயர். போர்டு என்கிற நகரும் பலகையில் வயர்களை வரைபடப்படி ஓடவிட்டு, அங்கங்கே டேப் சுற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் பலகை நிற்காது. மற்ற ஊர்ப் பெண்கள் முதல் மாதம் திணறினார்கள். நாங்கள் திணறவில்லை. எட்டாவது படிக்கும்போதிருந்து விடுமுறை நாளெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய கைகள். சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகிறவளுக்கு டேப் சுற்றுவது ஒரு வேலையா? எங்கள் லைன் லீடர் அக்கா, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்காரர், முதல் வாரமே சொல்லிவிட்டார்: "இன்னா ஸ்பீடு மா உங்க ரெண்டு பேர் கையும்! மெஷினு தோத்துடும் போல கீது."

ஒரு வருஷம் பயிற்சி. பிறகுதான் நிரந்தரம் என்று லெட்டர் கொடுப்பார்கள். லெட்டருக்கு ஒரே ஒரு நிபந்தனையைத்தான் எல்லோரும் பயத்தோடு சொல்வார்கள்: சொல்லாமல் கொள்ளாமல் அந்த வருஷத்தில் மொத்தம் மூன்று நாள் வராமல் இருந்தால் லெட்டர் இல்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு எடுத்தால் பாதகமில்லை. எனக்கு ஒன்றுகூட இல்லை. அவளுக்கு இரண்டு ஆகிவிட்டிருந்தது. சித்திரையில் அம்மை போட்டு ஊரில் படுத்திருந்தபோது முதல் நாள் யாருக்கும் தகவல் சொல்ல முடியவில்லை. ஆடியில் ஊரிலிருந்து திரும்பிய பேருந்து திண்டிவனத்தில் நின்றுபோய் ஒரு நாள் போனது. இரண்டுமே அவள் தப்பில்லை. சொல்லிப் பார்த்தாள், ஏட்டில் ஏறியது இறங்கவில்லை.

எனக்கு லெட்டர் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அழுதுவிட்டு வேறு கம்பெனி பார்ப்பேன். அவளுக்கு அப்படியில்லை. அவளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். "மாமா நல்ல மனுசந்தான் புள்ள. குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. ஆனா எனக்கு அவரைக் கட்டிக்கப் பிடிக்கல. அம்புட்டுத்தான்" என்பாள். ஊரில் இருந்து கிளம்பும்போது அவள் அப்பாவிடம் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். தைக்குள் கம்பெனி லெட்டர் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது. கொடுக்காவிட்டால் தையிலேயே முகூர்த்தம். அந்த லெட்டருக்காக அவள் எப்படி வேலை பார்த்தாள் என்று எனக்குத்தான் தெரியும். தலைவலி என்றால்கூட மாத்திரையை முழுங்கிவிட்டு முதல் ஆளாகப் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கிய குச்சி வெயிலில் காய வேண்டும். மழை வந்தால் காயாது. அதனால் மழை என்றால் ஆபீஸ் லீவு. இதை யாரும் வீடு வீடாக வந்து சொல்ல மாட்டார்கள். விடிகாலையில் ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் கேட்டால் போதும், அடுப்பு மூட்ட எழுந்த அம்மா திரும்ப வந்து படுத்துக்கொள்வாள். ஆள் ஏற்றிப் போகிற ஆபீஸ் வேன் வராது. அன்றைக்கு ஊரே தூங்கும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த உடம்பு எங்களுடையது. விடிகாலை மழைச்சத்தம் காதில் விழுந்தால் எங்கள் கைகால் தானாகத் தளர்ந்துவிடும். மூளையைக் கேட்டுக்கொண்டு தளர்வதில்லை.

அந்த ஐப்பசியில் தீபாவளி முடிந்து சில நாளில் மழை ஆரம்பித்தது. அந்த வாரம் எங்களுக்கு மதிய ஷிப்ட். பகல் பன்னிரண்டரைக்கு மலையடிவாரத்தில் கம்பெனி பஸ் வரும். வீட்டிலிருந்து அங்கே போவதற்குள் முழங்கால் வரை சேறு. சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். எது பள்ளம் எது மேடு என்று தெரியாது. இரண்டாம் நாளே எனக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். ஷூவுக்குள் எரியும். நின்று வேலை பார்க்கிற எட்டு மணி நேரமும் எரியும். ஒரு குடை வாங்கினோம், இருவருக்கும் சேர்த்து. எங்கள் ஊரில் குடை என்பது வெயிலுக்கு. மழைக்குக் குடை பிடிக்கிற கலை எங்களுக்குக் கைவரவில்லை. காற்று ஒரு பக்கம் அடித்தால் நாங்கள் இன்னொரு பக்கம் பிடிப்போம். தலை மட்டும் நனையாது, மற்றதெல்லாம் நனையும்.

யூனிஃபார்ம் இரண்டு செட்தான். ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் ஒன்று காய வேண்டும். எங்கே காய்வது? அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, குனிந்து குனிந்து நடந்தோம். காயாத யூனிஃபார்முக்கு ஒரு வாடை வரும். பவுடர் கொட்டினால் பவுடரும் சேர்ந்து நாறும். சுவரெல்லாம் மரவட்டை. பாயைத் தட்டாமல் படுக்க முடியாது. வீட்டுக்கார அக்கா ஒரு நாள் மேலே வந்து கயிறுகளைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாமா இது, வூட்டுக்குள்ள இம்மாந் துணிய கட்டிக்கினு கீறீங்க? செவுரு ஊறிப் பூடும்மா."

"வெளில போட்டா காயலியேக்கா. இந்த மழை எப்பத்தான் விடும்?"

"எப்போ வுடுமா? இப்பதானே ஸ்டார்ட் ஆயிக்கீது. கார்த்திகை முழுக்க இன்னும் பாக்கி கீது, நீ வேற" என்று சிரித்துவிட்டுக் கீழே போனார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டு அழுகை வந்தது. உண்மையிலேயே வந்தது. அவள்தான் தேற்றினாள். "விடு புள்ள. லெட்டர் வந்ததும் நல்ல வீடாப் பாத்துப் போயிரலாம். மாடில கூரை போட்ட வீடா, துணி காயப் போடுற மாதிரி."

திங்கட்கிழமை ஷிப்ட் மாறியது. காலை ஷிப்ட். ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும், ஐந்து மணிக்குப் பஸ், நான்கு மணிக்கு அலாரம். மழைக்காலத்தில் எங்களுக்கு அதுதான் முதல் காலை ஷிப்ட். நாகப்பட்டினத்துப் பெண்கள் இருவரும் இரவு ஷிப்டில் கம்பெனியில் இருந்தார்கள். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

தலையணைக்குக் கீழே போன் அதிர்ந்தது. எடுத்தேன். ஷீட்டின் மேல் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. அலாரத்தை அமர்த்தினேன். பக்கத்தில் அவள் புரண்டு, "ஏ புள்ள, மணி நாலாச்சா?" என்று கேட்டாள்.

"மழை பேயுது. படு" என்றேன்.

"ம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும், மழை பெய்தால் என்ன, எழுந்திரு என்று உதைத்திருப்பாள். அவளும் எங்கள் ஊர். அவள் உடம்புக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

இதைத் தெரியாமல் செய்தேன் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒரு வாரமாக மழையில்தான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். ஒரகடத்தில் மழைக்கு லீவு கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அரைத்தூக்கத்தில் நான் ஒரகடத்தில் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. நாலு வார்த்தைகூட இல்லை, அதைச் சொல்லிவிட்டு அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் தூங்கினேன்.

ஏழரை மணிக்குக் கதவு இடிபட்டது. இரவு ஷிப்ட் முடித்த இருவரும் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"என்னடி இது? ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போவலயா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு நொடி எதுவும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். "யாத்தே" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, ஈர யூனிஃபார்மைக் கயிற்றிலிருந்து உருவி மாட்டிக்கொண்டு, பல்கூடத் தேய்க்காமல் படியிறங்கி ஓடினாள். நான் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். யாருக்காவது போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கம்பெனி எண் எங்களிடம் இல்லை. லைன் லீடர் அக்கா போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்கே போவார்.

இரண்டு பேருந்து மாறினோம். சேரப்பணஞ்சேரி தாண்டிச் சாலையில் தண்ணீர் நிற்கிறது, இதற்கு மேல் வண்டி போகாது என்று நடத்துநர் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடந்தோம். லாரிகள் வாரியடிக்கும் தண்ணீரில் நடந்தோம். குடையை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். "பாதி ஷிப்டுக்கு விடுவாங்க. விடாம என்ன. மழைன்னு அவங்களுக்கும் தெரியுந்தானே" என்று ஏதேதோ. அவள் வேகமாக நடந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் கடிகாரத்தைக் காட்டினார். "டைம் இன்னா ஆவுது? பத்தே முக்கால். ஆறு மணி ஷிப்டு. உள்ள வுட்டேன்னா என் வேலை பூடும்மா." அவள் கும்பிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரே ஒரு டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றோம். மதியம் இரண்டு மணி வரை நின்றோம். பல் கிட்டித்தது. டீக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு முறை டீ கொடுத்தார்.

ஷிப்ட் முடிந்து பஸ் ஏற வந்த லைன் லீடர் அக்கா எங்களைப் பார்த்ததும் குடையோடு நேராக வந்தார்.

"இன்னாமா பண்ணி வெச்சிக்கிறீங்க ரெண்டு பேரும்? ஆளில்லாம நானே போர்டுல நின்னேன். இன்னா ஆச்சு?"

"மழைன்னு தூங்கிட்டோம்க்கா" என்றாள் அவள்.

அக்காவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பிறகு அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு இது மூணாவது. தெரியுமில்ல? நாளைக்கு எச்.ஆர். மேடம் கூப்ட்டுக் கேப்பாங்க. ஒரே ஒரு வழிதான் கீது. ஷிப்டு இல்லன்னு யாராச்சும் தப்பா சொல்லி, அத நம்பி நீ வராம இருந்தா, அது உன் தப்புல வராது. சொன்னவங்க எழுதிக் குடுக்கணும். அப்போ அது அவங்க மேல போவும். போன வருஷம் ஒரு பொண்ணுக்கு அப்டி பண்ணாங்க."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியாது, சும்மாதான் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

குன்றத்தூர் திரும்பும் வரை இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. கேட்காமலேயே நான் செய்வேன் என்று நினைத்திருப்பாள். நானும் செய்யத்தான் நினைத்தேன். சோறு வடிக்கும்போது மனசுக்குள் வாக்கியத்தைக் கோத்துப் பார்த்தேன்: நான்தான் மேடம் அலாரத்தை அமர்த்தினேன், மழைக்கு ஷிப்ட் இருக்காது என்று நான்தான் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும்? அதை அந்த அக்கா சொல்லவில்லை. ஒரு ஆப்சென்ட்டோடு போய்விடுமா, இல்லை தப்புத் தகவல் பரப்பியவள் என்று என்னையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் கிடைத்துவிடும், பதில் கிடைத்தால் செய்ய வேண்டியிருக்கும் என்று பயந்து கேட்கவில்லை. இதுதான் உண்மை.

மறுநாள் காலை நான்கு மணிக்கு அலாரம் அடிப்பதற்கு முன்பே இருவரும் எழுந்து உட்கார்ந்திருந்தோம்.

பத்து மணிக்கு எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏசி போட்ட அறை. பாதி நனைந்த யூனிஃபார்மோடு நின்றால் எலும்பு வரை குளிரும். மேடம் சின்ன வயதுக்காரர்தான், கனிவாகவே பேசினார். முதலில் அவளைக் கேட்டார்.

"நேத்து ஏன் வரல?"

"தூங்கிட்டேன் மேடம். மழைச்சத்தம் கேட்டதும் லீவுன்னு நினைச்சுட்டேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

மேடம் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். "மழைக்கு லீவு விட இது என்ன ஸ்கூலாம்மா?" என்றார். பிறகு ஃபைலைப் புரட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இது உனக்கு மூணாவது தடவை. யாராவது ஷிப்ட் இல்லைன்னு சொன்னாங்களா உன்கிட்ட? சொல்லியிருந்தா சொல்லு. நான் அதை எழுதிக்கிறேன்."

நான் என் ஷூவைப் பார்த்தேன். இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. குனிந்து கட்டலாமா என்று யோசித்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் யோசித்தேன், வெட்கங்கெட்டு.

"யாரும் சொல்லல மேடம்" என்றாள் அவள்.

"நீ?" என்று மேடம் என்னிடம் திரும்பினார்.

"உடம்பு சரியில்ல மேடம். காய்ச்சல்" என்றேன்.

முந்தின நாள் நனைந்ததில் எனக்குக் குரல் கட்டியிருந்தது. மேடம் நம்பிவிட்டார். "டாக்டர்கிட்ட போ. அடுத்த தடவை தகவல் சொல்லிடு" என்றார். நாங்கள் வெளியே வந்தோம். அவள் நேராக லைனுக்குப் போய்த் தன் போர்டில் நின்று டேப்பை எடுத்தாள். எனக்குப் பக்கத்து போர்டு. அன்று அவள் கை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. என்னுடையது தடுமாறியது. இரண்டு வயரை மாற்றி ஓடவிட்டு லைன் லீடர் அக்காவிடம் திட்டு வாங்கினேன்.

அதற்கப்புறம் கார்த்திகை முழுக்க மழை பெய்தது. வீட்டுக்கார அக்கா சொன்னது சரிதான். அவள் என்னோடு சண்டை போடவில்லை. எப்போதும் போலப் புளிச்சோறு கட்டினாள், குடையில் எனக்குப் பாதிக்கு மேல் இடம் விட்டாள், சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். ஒரு நாளாவது என்னைப் பிடித்து உலுக்கி நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நான் மனுஷியாகியிருப்பேன். அவள் சொல்லவில்லை. நானாகவும் ஆகவில்லை. எச்.ஆர். அறை எங்கள் லைனிலிருந்து நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தது. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அதைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போவோம். இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தாண்டித் தாண்டிப் போனேன். சொல்லாதவரை இன்னும் சொல்ல நேரமிருக்கிறது என்பது போல ஒரு ஏமாற்று.

மார்கழி கடைசியில் லெட்டர் கொடுத்தார்கள். எங்களோடு சேர்ந்த எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பெயர் வந்தது. போய் வாங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். அவள் பெயர் வரவில்லை. வராது என்று தெரிந்தும் கடைசிப் பெயர் வரை அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் என் போனை வாங்கி அவள் அப்பாவிடம் பேசினாள். "கெடைக்கலப்பா" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "சரிப்பா. சரி. வாரேன்" என்று வைத்துவிட்டுப் போனைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

பெருங்களத்தூரில் அவளைப் பேருந்து ஏற்றிவிடப் போனேன். மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்திருந்தது. பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றுகொண்டு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று உளறிக்கொண்டிருந்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவள் பேசினாள். கோபமாகப் பேசவில்லை. தண்ணி பாட்டில் வாங்கிவிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் பேசினாள்.

"நீ அலாரத்த அமத்துனதுக்கு எனக்குக் கோவமே இல்ல புள்ள. நானுந்தான படுத்தேன். ஆனா அந்த மேடம் ரூம்ல நான் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். நீ ஒரு தடவகூட என்னயப் பாக்கல."

அப்போதும் அவளைப் பார்க்காமல் பேருந்தின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சக்கரம் உருண்டு போன பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

தை கடைசியில் முகூர்த்தம். பத்திரிகை தபாலில் வந்தது. உறை மேல் என் பெயரை அவளே எழுதியிருந்தாள். அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். நான் நிரந்தரம் ஆகிவிட்டிருந்தேன். கேட்டிருந்தால் இரண்டு நாள் லீவு மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.